ஸ்கூட்ச்யே படகில் பக்கப் பலகையை எப்போது இறக்குவது?

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் அந்தக் காலத்தில் பீட்கரியும் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் எரிபொருள்) எருவும் ஏற்றிய பாய்ப்படகுதான் ஸ்கூட்ச்யே. அடி தட்டை, கீலும் (அடியில் நீண்டு இறங்கும் நடுக்கட்டை) கிடையாது. அதனால் ஆழமில்லாத கால்வாயிலும் போகும். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். அதைத் தடுக்கத்தான் இருபுறமும் தொங்கும் மரப்பலகைகள். அவற்றை அங்கே 'வாள்' என்றே சொல்கிறார்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்ப்புறப் பலகை மட்டும் தண்ணீரில் இருக்கட்டும். மறுபுறத்தையும் விட்டுவைத்தால் தண்ணீர் அதைப் படகின் உடலிலிருந்து வெளியே நெம்பும். மேல் கொண்டி வளையும், பலகையே பிளந்தாலும் பிளக்கும்.

திசை மாற்றும்போது முகப்பு காற்றைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் புதிய பலகையை இறக்கிவிடுங்கள். பழையது, அழுத்தம் விட்டதும் சுலபமாக மேலே வரும். அழுத்தம் இருக்கும்போது இழுத்தால் கைதான் வலிக்கும்.

இன்னொன்று: பலகையின் கயிறு திடீரெனத் தொய்ந்தால் அது தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆழமானி எதற்கு? உடனே திரும்புங்கள். நேர்ப் பின்காற்றில் ஓடும்போது இரண்டையுமே தூக்கிவிடலாம், இழுவை குறையும்.