வார இறுதி சர்ஃபிங் முகாம்: வெளிநாட்டில் முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு நாள் முகாம் என்றால் தண்ணீருக்குள் இருக்கக் கிடைப்பது மொத்தம் ஆறேழு மணி நேரம்தான். அதிலும் பெரும்பகுதி போர்டை இழுத்துக்கொண்டு நடப்பதிலும் கையால் துழாவுவதிலும் விழுந்து எழுவதிலும் போய்விடும். அலைமேல் நின்ற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள் தேறினாலே பெரிது. அந்தச் சில நிமிடங்களையும் தின்றுவிடுவது பெரும்பாலும் அவசரம்தான்.

அவசரம் முன்பதிவிலேயே ஆரம்பிக்கிறது. விமானக் கட்டணம் எப்போது குறையும் என்று பார்க்கிற அளவுக்கு, அந்தக் கரையில் அந்த மாதம் அலை எப்படி இருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. இலங்கையின் தெற்கே இருக்கும் வெலிகமவுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல பருவம். கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பைக்கு அது முடிந்த பிறகுதான் பருவமே தொடங்கும், அக்டோபர் வரை போகும். ஒரே தீவுதான், மாதம் தவறினால் கடல் வேறு. போர்ச்சுகல், பிரான்ஸ் போன்ற அட்லாண்டிக் கரைகளில் குளிர்கால அலை தேறியவர்களுக்கானது, கற்றுக்கொள்கிறவர்கள் கோடையில் போவதே நல்லது. கடலடி மணலா பாறையா என்றும் கேட்டுவிடுங்கள். பாலியில் கூட்டா கரை மணல், அதே தீவின் உலுவாட்டு பவளப்பாறை. விழுவதுதான் முக்கிய வேலை என்றிருக்கும் முதல் முகாமில் மணலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கும் முகாம் என்றால் வேறு இடம் பாருங்கள். பயணக் காப்பீட்டில் சர்ஃபிங் அடங்குமா என்பதையும் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். சில பாலிசிகளில் அது சாகச விளையாட்டுப் பட்டியலில் போய்விடும், தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நீச்சல் தெரியுமா என்று படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். போர்டு மிதக்கும், காலில் லீஷ் (போர்டையும் காலையும் இணைக்கும் கயிறு) இருக்கிறது என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. லீஷ் அறுந்துபோவதும் உண்டு.

அப்புறம் போர்டு. இங்கேதான் பலருக்கு வீம்பு வந்துவிடுகிறது. முகாமில் கொடுக்கும் 8, 9 அடி நீள ஃபோம் போர்டைப் பார்த்தால் குழந்தைகளுக்கானது போலத் தோன்றும். சனிக்கிழமை இரண்டு மூன்று தடவை எழுந்து நின்றதும், "கொஞ்சம் சின்னதாகக் கொடுங்களேன்" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அலை உங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமானால், அது வந்து சேரும்போது போர்டுக்கும் ஓரளவு வேகம் இருக்க வேண்டும். நீளமும் அகலமும் கூடின போர்டு குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் வழுக்க ஆரம்பித்துவிடும், நிற்கும்போது அதிகம் ஆடாது. சின்ன போர்டு உங்கள் எடையில் பாதி அமுங்கி நிற்கும், அலை கீழே புகுந்து போய்விடும். ஃபோம் மெத்தென்று இருப்பதால் அடி படாது என்றும் நினைக்க வேண்டாம். அடியில் மீன் செதில்துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள் நன்றாகவே கிழிக்கும்.

குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டில் ஜிப் எந்தப் பக்கம் என்று கேட்டுப் போடுங்கள். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் முதுகுப்பக்கம்தான் ஜிப். முன்பக்கம் வைத்து மாட்டிக்கொண்டு வந்து நிற்பவர் ஒருவராவது ஒவ்வொரு முகாமிலும் இருப்பார். 3/2 என்று எழுதியிருந்தால் உடம்புப் பகுதி 3 மில்லிமீட்டர், கைகால் பகுதி 2 மில்லிமீட்டர் தடிமன். தளர்ந்த சூட் உள்ளே குளிர்ந்த நீரை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கொஞ்சம் இறுக்கமாகவே எடுங்கள். லீஷ் கட்ட வேண்டியது பின்னங்காலில். எது பின்னங்கால் என்று தெரியவில்லையா? பின்னாலிருந்து யாரையாவது லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறி முன்னே வைக்கிற கால் முன்னங்கால்.

தண்ணீருக்குள் நடக்கும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வைக்கவே கூடாது. இடுப்பளவு நீரில் போர்டைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உடைந்த அலையின் நுரை முழங்கால் உயரத்துக்கு வந்தாலே போதும், அது அந்த ஒன்பதடிப் பலகை முழுவதிலும் மோதி, காற்றில் அறைந்து சாத்தும் கதவைப் போல உங்கள் முகத்திலோ நெஞ்சிலோ கொண்டுவந்து அடிக்கும். போர்டை உடம்புக்குப் பக்கவாட்டில் வைத்து, அதன் மூக்கு (முன்நுனி) நேராக அலையைப் பார்க்கும்படி பிடியுங்கள். அலை வந்ததும் மூக்கைச் சற்று தூக்கிவிட்டால் நுரை இருபுறமும் வழிந்து போய்விடும். லீஷைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். அலை இழுத்தால் விரல் போகும்.

படுக்கும் இடத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. மிக முன்னால் படுத்தால் போர்டின் மூக்கு நீரில் குத்தி, நீங்கள் தலைக்குப்புறப் போவீர்கள். மிகப் பின்னால் படுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நகராமல் கிடக்கும். மூக்கு நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே நின்றால் சரி. அந்த இடம் கிடைத்ததும் உங்கள் முகவாய் போர்டில் எந்தக் குறிக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம். எழும்போது விளிம்பைப் பிடிக்காமல், உள்ளங்கையை விலா எலும்புக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்ற வேண்டும். முட்டி போட்டு எழுவது சுலபமாகத் தெரியும். ஆனால் முட்டியிலேயே நின்றுவிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் இரண்டு நாளில் போகாது. காலைக் குனிந்து பார்க்கிறவர்கள் அந்தக் காலுக்கருகிலேயே விழுகிறார்கள். கண் கரையில் இருக்கட்டும்.

விழுவதற்கும் முறை உண்டு. ஆழம் குறைவு என்பதால் தலை முதலில் பாயாமல், பக்கவாட்டிலோ முதுகிலோ தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். லீஷ் இழுத்துத் திரும்பி வரும் போர்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அலை உடையாமல் அமைதியாக, சற்று கருத்து ஓடுகிற இடத்தைப் பார்த்து "இங்கே இறங்கினால் லேசு" என்று புதியவர்கள் போவார்கள். அநேகமாக அதுதான் ரிப், கரைக்கு வந்த நீர் கடலுக்குள் திரும்பிப் போகும் வாய்க்கால். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போக வேண்டாம். போர்டை விடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வாருங்கள், அப்புறம் நுரையோடு கரை சேரலாம். கொடிகளின் அர்த்தமும் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே இருப்பது நீந்துகிறவர்களின் இடம். பாதுகாப்பான இடம் என்று நினைத்து போர்டோடு அங்கே இறங்கினால் காவலரின் விசில்தான் கேட்கும். போர்டுக்கான பகுதியைக் கறுப்பு-வெள்ளைக் கொடி காட்டும். உடையாத அலைவரை போய்விட்டீர்கள் என்றால், அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் முறைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பலரும் கேள்விப்படாத ஆபத்து ஒன்று முதுகில் இருக்கிறது. நெடுநேரம் முதுகை வளைத்து, நெஞ்சைத் தூக்கிப் படுத்திருப்பதால் தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு ஏற்படும் பாதிப்பை 2004-இல் ஹவாய் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். மிக அரிதானது. ஆனால் முதன்முதலாகப் போர்டில் ஏறுகிறவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. அதனால் அலைக்காகக் காத்திருக்கும்போது எழுந்து உட்காருங்கள். திடீர் முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, "பிடிப்பு போல, சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சன்ஸ்கிரீனைக் கடைசி நேரத்தில் விமான நிலையத்தில் வாங்குகிறவர்கள் உறையைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் உள்ளவற்றை ஹவாயில் 2021 முதல் விற்கக் கூடாது, பசிபிக் தீவு நாடான பலாவிலும் (Palau) 2020 முதல் தடை இருக்கிறது. முகத்துக்குத் துத்தநாகப் பசை நன்றாக ஒட்டி நிற்கும். காதின் மேல்நுனியையும் புறங்காலையும் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய வகுப்புக்குள் தோள் ஓய்ந்துபோயிருக்கும், கை துழாவ மறுக்கும். காசு கொடுத்தாயிற்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று ஆழமான பக்கம் போகத் தோன்றும் நேரமும் அதுதான். களைத்திருந்தால் இடுப்பளவு நுரையிலேயே நின்று, எழுவதை மட்டும் பழகுங்கள். அன்றிரவே விமானம் என்றால் வகுப்புக்கும் கிளம்புவதற்கும் நடுவில் நன்றாக நேரம் விடுங்கள். ஈர வெட்சூட்டைக் களைத்த கையால் உரித்தெடுக்கவே கால் மணி நேரம் ஆகும். மூக்குக்குள் தங்கிய கடல்நீர் சில மணி நேரம் கழித்து, குனியும்போது சட்டென்று கொட்டும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் ஷூவைக் கழற்றும்போது கொட்டினால் பதற வேண்டாம், கைக்குட்டையை மட்டும் மேல்பையில் வைத்திருங்கள்.