கழுத்தில் நாடி பார்க்கும்போது

மணிக்கட்டில் நாடி சரியாகத் தட்டுப்படவில்லையா? கழுத்தில் பாருங்கள். குரல்வளை மேட்டிலிருந்து இரண்டு விரல்களைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கழுத்துத் தசைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே துடிப்பது கரோட்டிட் தமனி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். கட்டை விரல் வேண்டாம், அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு.

தாடைக்குப் பக்கத்தில் மட்டும் அமுக்காதீர்கள். குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில்தான் இந்தத் தமனி இரண்டாகப் பிரிகிறது; ஒன்று மூளைக்கு, மற்றது முகத்துக்கு. ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து, முக்கியமாக வயதானவர்களுக்கு, மயக்கமே வரலாம். அப்புறம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிப்பது கூடவே கூடாது.