ஸ்கேன் செய்த உறுதி திரையில் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறதா? மறுபடி ஸ்கேன் செய்ய முன் இதைப் பாருங்கள்

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கொமினிகேசன் கடைகளில் ஸ்கேன் செய்யாத நாளில்லை. பைலைத் திறந்தால் ஒரு மூலை மட்டும் திரையை அடைத்து நிற்கும், அல்லது எழுத்து எறும்பாய்த் தெரியும். உடனே ஸ்கேனர் பிழை என்று முடிவெடுக்காதீர்கள். அனேகமாகப் படம் நல்லாத்தான் இருக்கும். அதைக் காட்டும் கணக்குத்தான் பிழைத்திருக்கும்.

முதலில் பிடிஎப்பை அக்ரோபட் றீடரில் திறந்து கொன்ட்ரோலும் 0-உம் அழுத்துங்கள். முழுப் பக்கமும் திரைக்குள் வரும். கொன்ட்ரோலும் 2-உம் அகலத்துக்குப் பொருத்தும், கொன்ட்ரோலும் 1-உம் உண்மை அளவைக் காட்டும். இதிலேயே சரியாகிவிட்டால் சூம்தான் காரணம். பைலைத் தொடவே வேண்டாம்.

சரியாகவில்லையா? கொன்ட்ரோலும் டி-யும் அழுத்திப் பக்க அளவைப் பாருங்கள். ஏ4 என்றால் 210 × 297 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 875 × 1238 என்ற மாதிரி இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது பிக்சல்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல் வரும். பைலுக்குள் "300" என்ற குறிப்பு இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்ளும். 2480-ஐ 72-ஆல் வகுத்தால் 34.4 அங்குலம், அதுதான் அந்தப் பூதப் பக்கம். போனில் எடுத்த படங்களை ஸ்கேன் பக்கங்களோடு சேர்த்த பிடிஎப்பில் ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்று வருவதும் இதனால்தான்.

திருத்த, மூலப் படத்தை இர்பான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் திறந்து ஐ விசையை அழுத்துங்கள். ரெசலூஷன் கட்டத்தில் 300 போட்டு, சேஞ்ச் கொடுத்து, சேமியுங்கள். சரியான எண் தெரியாவிட்டால் பிக்சல் அகலத்தைத் தாளின் அகலத்தால் (அங்குலத்தில்) வகுங்கள்: 2480 ÷ 8.27 = 300. இங்கே ரீசைஸ் பக்கம் போகவே கூடாது. அது பிக்சலைக் குறைத்துவிடும், பிறகு உறுதியில் உள்ள சிறிய எழுத்துகளை மீட்க வழியில்லை. ஜேபெக் என்றால் தரத்தை 95-க்குக் குறையாமல் வைத்துச் சேமியுங்கள். பிறகு அந்தப் படத்திலிருந்து பிடிஎப்பை மறுபடி உருவாக்குங்கள்.

மூலப் படம் கையில் இல்லை, பிடிஎப் மட்டுமே என்றால் பிறின்ட் கொடுத்து, பிறின்டராக மைக்ரோசொப்ட் பிறின்ட் டு பிடிஎப்பைத் தெரிந்து, ஏ4, "பிட்" என்று கொடுத்துப் புதிய பிரதி எடுங்கள். எழுத்தைத் தேடும் வசதி அந்தப் பிரதியில் போய்விடலாம், ஆகவே பழையதை அழிக்க வேண்டாம்.

பக்க அளவு சரி, ஆனால் 100 வீதத்தில் தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் பொருந்தவில்லையா? அப்போது திரையின் கணக்கைத்தான் திருத்த வேண்டும். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 13.6 அங்குலம், 1366 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 100, 1920 என்றால் 141. கொன்ட்ரோலும் கே-யும் அழுத்தி, பேஜ் டிஸ்பிளேயில் கஸ்டம் ரெசலூஷனுக்கு அந்த எண்ணைக் கொடுங்கள்.

அடையாள அட்டை வெள்ளைத் தாளின் மூலையில் தபால் முத்திரை போலத் தெரிந்தால், ஸ்கேனர் கண்ணாடி முழுவதையும் ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். பிரிவியூ எடுத்து, அட்டையைச் சுற்றி மட்டும் கட்டம் இழுங்கள்.

பெரிதாக்கும்போது எழுத்து மங்கினாலும் மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் படத்தில் பிக்சலே போதாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதுதான் பெரும்பாலும் காரணம். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

உறுதி லீகல் தாளில் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: லீகல் தாள் 356 மில்லிமீற்றர் நீளம், ஏ4 ஸ்கேனர் கண்ணாடி 297 தான். அடியில் உள்ள கையொப்பம் வெட்டுப்பட்டுப் போகும். பழைய, மடிப்பில் கிழியும் உறுதியைத் தாள் இழுக்கும் தட்டில் ஒருபோதும் போடாதீர்கள். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக, சில வரிகள் இரண்டிலும் வரும்படி எடுங்கள்.