மால்டா போறீங்களா? முதல்ல இந்த டிக்கெட்டை எடுங்க

விமான டிக்கெட் கையில் வந்ததும் அடுத்த வேலை ஹோட்டல் இல்லை, பாவ்லா ஊரில் இருக்கும் ஹைபோஜியத்துக்கு ஆன்லைனில் முன்பதிவு. பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக இறங்கும் கற்கால நிலத்தடிக் கல்லறை அது. மூச்சுக்காற்றின் ஈரத்தில் சுவரின் செங்காவி ஓவியம் கெட்டுவிடும் என்பதால் மணிக்கு 10 பேரைத்தான் விடுவார்கள். கேமராவுக்கும் தடை. சீசனில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். கிடைத்த தேதியை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்சஷ்லோக் மீன் சந்தை. நீலம், மஞ்சள், சிவப்பு பூசிய படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். கடலில் காவலுக்காம்!

கோசோ தீவுக்குச் சிர்கேவா துறைமுகத்தில் கப்பலேறினால் சுமார் 25 நிமிடம். போகும்போது காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். அங்கே ஜிகன்டியா கோயில்கள் எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. பழைய படங்களில் பார்த்த 'அசூர் விண்டோ' கல் வளைவைத் தேடி மட்டும் அலையாதீர்கள், 2017 மார்ச் புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது.

சார்ஜருக்கு பிரிட்டிஷ் மூன்று பின் அடாப்டர் வேண்டும். ஐரோப்பிய இரண்டு பின் அங்கே நேராகச் செருகாது.