விவாகரத்துக்குப் பின் முதல் வருடம்: ஒரு புரோகிராமர் இன்னொருவருக்குச் சொல்வது

போன மாதம் எங்கள் டீமில் ஒரு தம்பி டீக்கடையில் நின்றுகொண்டு, விவாகரத்து மனு போட்டாயிற்று என்று சொன்னான். "அப்புறம் எப்படிண்ணா சமாளிச்சீங்க?" என்று கேட்டான். டீ ஆறுவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன், அவனுக்கும் அவன் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்.

எனக்கு வயது 37. சென்னை துரைப்பாக்கத்தில் பேக்எண்ட் வேலை (திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம்கள்), ஜாவாவும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. அவள் அம்மாவோடு நங்கநல்லூரில் இருக்கிறாள். நான் மடிப்பாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீட்டில் இருக்கிறேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு என்னிடம் வருவாள், தொடக்கத்தில் ஞாயிறு மாலை 6 மணிக்குத் திரும்பிப் போய்விடுவாள். நாங்கள் பிரிந்தது பரஸ்பர சம்மதத்தில், 1955 இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில். முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி உண்டு. சூழ்நிலையைப் பார்த்து அந்த இடைவெளியிலிருந்து நீதிமன்றம் விலக்கு அளிக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்கவில்லை. இருவருக்குமே அந்த ஆறு மாதம் தேவைப்பட்டது.

முதலில் சாயங்காலத்தைக் கவனியுங்கள்

பகலில் ஸ்டாண்ட்அப் (டீமின் தினசரிச் சிறு கூட்டம்), டிக்கெட் (ஒதுக்கப்பட்ட வேலை), மீட்டிங் என்று நேரம் ஓடிவிடும். ஆறரை மணிக்கு மேல்தான் கஷ்டம். குழந்தையை ஹோம்வொர்க் செய்ய உட்கார வைத்த நேரம், மூன்று பேரும் சாப்பிட்ட நேரம், எல்லாம் திடீரென்று காலியாகக் கிடக்கும். நம் தொழிலில் அந்தக் காலியிடத்தை நிரப்ப வேலை தயாராகக் காத்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் போதும். முதல் மூன்று மாதம் இரவு 11, 12 வரை வேலை பார்த்தேன். டிக்கெட்டுகள் வேகமாக முடிந்தன, பாராட்டும் வந்தது. ஒரு நாள் மேனேஜர், "வீட்ல எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். "எல்லாம் ஓகே" என்றேன். அந்த ஒரு பதிலை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது மனு விசாரணைக்கு வந்த வாரமே என் ஆன்கால் வாரமும் (எந்நேரம் அலர்ட் வந்தாலும் நான்தான் கவனிக்க வேண்டிய வாரம்) வந்தது. பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் காலையெல்லாம் காத்திருந்துவிட்டு வந்தேன். இரவு ஒன்றரைக்கு அலர்ட் அடித்தது. திரையில் இரண்டு டெர்மினல்கள், ஒன்று ஒத்திகைக்கான ஸ்டேஜிங், இன்னொன்று வாடிக்கையாளர்களின் நிஜத் தரவு இருக்கும் புரொடக்‌ஷன். இரண்டுமே கறுப்பு, ஒரே எழுத்து. ஸ்டேஜிங்கில் ஓட்டிப் பார்க்க வேண்டிய அப்டேட்டை, எந்த வரிகளை மாற்றுவது என்று சொல்லும் வேர் கண்டிஷன் இல்லாமல், புரொடக்‌ஷனில் ஓட்டிவிட்டேன். "41 ஆயிரம் வரிகள் மாறின" என்று வந்த பதிலை இரண்டு முறை படித்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. முடிந்துபோன இன்வாய்ஸ்கள் எல்லாம் டிராஃப்ட் ஆகிவிட்டன. டீம் லீடையும் இன்னொரு தோழியையும் எழுப்பினேன். பேக்அப்பிலிருந்து எடுத்து, அந்த நிமிடத்துக்கு முந்தைய நிலை வரைக்கும் லாகை (மாற்றங்களின் பதிவை) ஓட்டி, எல்லாம் சரியாகும்போது விடிகாலை ஐந்தரை.

அந்த ராத்திரியிலிருந்து நான் மாற்றிக்கொண்டவற்றை நீங்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள். புரொடக்‌ஷன் டெர்மினலின் பின்னணியைச் சிவப்பாக்குங்கள். எந்த அப்டேட்டையும் பிகின் கட்டளை போட்டு ஆரம்பியுங்கள். எத்தனை வரிகள் மாறின என்று பாருங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தால் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது), இல்லையென்றால் ரோல்பேக் (பழையபடி திருப்புவது). இதெல்லாம் நல்ல நாளிலும் செய்ய வேண்டியதுதான். ஆனால் தூக்கம் கெட்ட மாதங்களில் உங்கள் மூளையை நம்பாதீர்கள், வழக்கத்தை நம்புங்கள். கோர்ட்டுக்குப் போய் வந்த நாளில் புரொடக்‌ஷனைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு நாள் ஷிஃப்டை யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சாயங்காலத்துக்கு நான் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, பையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஏரிப்பக்கம் நடக்கப் போவேன். முதல் இரண்டு வாரம் நடக்கும்போதெல்லாம் கண் கலங்கியது. அதனாலேயே விடாமல் போனேன். லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரை அந்த அழுகை வெளியே வரவே இல்லை.

ஆபீஸில் சொல்லிவிடுங்கள்

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜரிடம் சொல்லுங்கள், கூடவே இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். என்ன மாற வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். நான் சொன்னது இதுதான்: "எனக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு சார். வேலையில எந்தக் குறையும் வராது. பாப்பா வர்ற வீக்எண்ட்ல மட்டும் ஆன்கால் வேண்டாம்."

கேட்பதற்கு முன்பு கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். எங்கள் டீமில் ஐந்து பேர், அதனால் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை என் ஆன்கால். பாப்பா வருவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. காலண்டரில் எழுதிப் பார்த்தால் இரண்டும் மோதுவது பத்து வாரத்தில் ஒரே ஒரு முறைதான். அந்தத் தாளைக் காட்டினேன். "இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மேனேஜர். நாம் பெரிய உபகாரம் கேட்கிறோம் என்று நினைத்துக் கூசிப்போய் நிற்போம். எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு ஐந்து சனி ஞாயிறு.

காகித வேலை

தீர்ப்பு ஒரே நாளில் வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அதை இருபது இடத்தில் பதிய வேண்டும். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுக்கு மனு போடும்போதே மூன்று நகல் கேளுங்கள். ஒன்றுக்கு அலைவதும் மூன்றுக்கு அலைவதும் ஒரே அலைச்சல்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு படிவத்திலும் மனைவியின் பெயரை நீக்கும்போது மனசு ஒரு தடவை வலிக்கும். வாரத்துக்கு ஒரு படிவம் போதும்.

வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) தொடங்குங்கள். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் இ-நாமினேஷன் (நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று ஆன்லைனில் பதிவது) இருக்கிறது, ஆதார் ஓடிபி வைத்தே முடித்துவிடலாம். குடும்பம் இருப்பவர்கள் குடும்பத்தில் உள்ளவரைத்தான் நியமிக்க முடியும். பிள்ளைகளும், உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவும் அதில் அடக்கம். நான் மகளைப் போட்டேன். அவள் மைனர் என்பதால் காப்பாளர் பெயர் கேட்டது, என் அம்மா பெயரைக் கொடுத்தேன். அடுத்து கிராஜுவிட்டி, கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ், பேங்க், மியூச்சுவல் ஃபண்ட். மெடிக்கல் இன்ஷூரன்ஸில் மனைவி பெயரை எடுக்கும்போது குழந்தையின் பெயர் தப்பித்தவறி அதோடு போய்விடாமல் ஹெச்ஆரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

டெர்ம் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துக் கட்டாயம் ஒரு முறை படியுங்கள். கல்யாணமான புதிதில் நம்மில் பலர் 1874 மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்திருப்போம். அப்படி எடுத்த பாலிசி ஒரு டிரஸ்ட் மாதிரி, அதில் எழுதிய பயனாளியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விவாகரத்து ஆனாலும் அப்படித்தான். என்னுடையது அந்த வகை இல்லை என்று தெரிந்துகொள்ளவே ஒரு ராத்திரி ஆனது. வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால், யார் கட்டுவது என்று நீங்கள் உங்களுக்குள் எழுதிக்கொண்டது பேங்கைக் கட்டுப்படுத்தாது. பேங்க் எழுத்தில் விடுவிக்கும்வரை இருவருமே கடன்காரர்கள்.

சட்டப்படி பெரிதில்லாத, ஆனால் தினமும் குத்துகிற விஷயங்களும் இருக்கின்றன. கூகுள் கணக்கின் ரெக்கவரி நம்பர், கேஸ் புக்கிங் நம்பர், ஃபாஸ்டேக், ரேஷன் கார்டு. சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பில் பழைய முகவரியை அன்றைக்கே அழித்துவிடுங்கள். நான் அழிக்கவில்லை. ஒரு புதன்கிழமை டெலிவரி பையன் போன் பண்ணி, "சார், கதவு பூட்டியிருக்கு, வேற யாரோ குடியிருக்காங்களாம்" என்றான். அவனையே அந்தச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்று பழத்தோடு படுத்தேன்.

வீடும் அடுப்பும்

வீடு தேடும்போது "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்பார்கள். சுற்றி வளைக்காமல் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "விவாகரத்து ஆனவன், மாதத்துக்கு இரண்டு முறை மகள் வருவாள்." எனக்கு ஏழு பேர் முடியாது என்றார்கள். எட்டாவதாகப் பேசிய அம்மா, "குழந்தை வருமா? அப்போ மாடிப்படிக்குக் கம்பி போட்டுத் தரேன்" என்றார். அந்த வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு இரண்டு லிட்டர் குக்கர், அரை டம்ளர் அரிசி. ரசமும் ஒரு பொரியலும் பழகிக்கொண்டால் வாரநாள் ஓடிவிடும்.

எப்படிப் பேசுவது

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பிரிந்துபோனவரைப் பற்றிப் பேச வேண்டி வரும்போது என்ன சொல்வீர்கள்? ஆபீஸில் 'எக்ஸ்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "பாப்பாவோட அம்மா" என்று சொல்லத் தொடங்கினேன். அப்படிச் சொன்ன பிறகு கேட்பவர்கள் குறை சொல்லத் துணிவதில்லை. எனக்கும் குறை சொல்ல வாய் வருவதில்லை. உறவுக்காரக் கல்யாணங்களில் "வீட்ல வரலையா?" என்று கேட்பார்கள். "நாங்க பிரிஞ்சுட்டோம் சித்தி, பாப்பா நல்லா இருக்கா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவர்கள் உடம்பைப் பற்றி விசாரியுங்கள்.

குழந்தை உங்களிடம் இருக்கும்போது அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்காதீர்கள், ஒரு கேள்விகூட வேண்டாம். நாங்கள் பெரும்பாலும் ஊர் சுற்றுவோம். குளிர்காலத்தில் 200 அடி ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்தி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பூநாரைகளை எண்ணுவாள். 2022-இல் அந்த இடம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்று சொன்னேன். "அப்போ பறவைக்கெல்லாம் அது தெரியுமா?" என்றாள்.

ஜடை

பத்தாவது மாதம் பாப்பாவின் அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "இனி ஞாயிறு ராத்திரியும் உங்களோடு இருக்கட்டும். திங்கள் நீங்களே ஸ்கூலில் விட முடியுமா? ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், மடிச்சுக் கட்டணும்." நானும் ஒரு மகளுக்கு அப்பா என்று ஏழு வருடம் இருந்திருக்கிறேன், ஒரு நாள்கூட ஜடை போட்டதில்லை.

விருதுநகரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா பழைய புடவையை மூன்றாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிக் காட்டினாள். நான் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். ஒரு வாரம், தினமும் ஏழு மணிக்கு, லேப்டாப் பீரோவுக்குள் போன பிறகு.

செய்முறை இதுதான். முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சிக்கை நுனியிலிருந்து மேலே மேலே எடுங்கள், உச்சியிலிருந்து இழுத்தால் குழந்தை அழும். பின்பக்கம் கூராக இருக்கும் சீப்பால் நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை நேர் வகிடு. ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டில் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தை மூன்று காலாகப் பிரியுங்கள். வலது கால் நடுவுக்கு, பிறகு இடது கால் நடுவுக்கு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுக்கி. பாதி வந்ததும் ரிப்பனை நடுவில் மடித்து உள்ளே வைத்து, முடியோடு சேர்த்தே பின்னுங்கள். நுனி வரை பின்னிய ஜடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் அடியில் ஒரு முடிச்சு, அதன்மேல் பூ முடிச்சு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வர, முடிச்சை எப்போதும் காது மடலுக்கு நேராக வையுங்கள்.

முதல் திங்கட்கிழமை ஆறு மணிக்கே எழுப்பினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடியில் பார்த்தாள், இரண்டு கையாலும் இரண்டு ஜடையையும் தொட்டாள். "இது மேல இருக்கு, இது கீழ இருக்கு. பரவால்ல" என்றாள். ஸ்கூல் கேட்டில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நான் அலுவலக காலண்டரைத் திறந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும் திங்கட்கிழமைகளில் ஒன்பதரை வரை "மீட்டிங் வைக்க வேண்டாம்" என்று போட்டுவிட்டேன்.

இப்போது பதினைந்து நிமிடத்தில் முடிகிறது. ரிப்பன் மட்டும் இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒன்று எப்படியும் அந்த வீட்டிலேயே தங்கிவிடும்.