கிராக்கோவ் மரியன்னை ஆலயம்: 11.40-க்கே உள்ளே போய்விடுங்கள்
போலந்தின் கிராக்கோவ் பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் புனித மரியன்னை கோதிக் ஆலயத்துக்குப் போகிறீர்களா? டிக்கெட்டை முதலிலேயே வாங்கிக்கொண்டு, காலை 11.40-க்கெல்லாம் ஆலயத்தின் பலிபீடத்துக்கு (கதவுகளுக்குள் சிற்பங்கள் கொண்டது) எதிரே இடம் பிடித்துவிடுங்கள். சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை மரத்தில் செதுக்கிய, சுமார் 13 மீட்டர் உயரமுள்ள அந்தப் பீடத்தின் கதவுகளை 11.50-க்குத்தான் திறப்பார்கள், அதற்கு முன்பே பார்த்துவிட்டுக் கிளம்பினால், தங்கமும் நீலமுமாக மாதாவைச் சுற்றி நிற்கும், ஆள் உயரத்தையும் தாண்டிய சீடர்களைப் பார்க்காமலே திரும்புவீர்கள், அது உண்மையிலேயே பெரிய இழப்பு. அப்புறம் வெளியே வந்தால் கோபுரத்திலிருந்து எக்காளம் கேட்கலாம், அதை மணிக்கு ஒருமுறை ஊதுவதால் பீடத்தின் முன்னாலிருந்து அவசரப்பட்டு எழ வேண்டாம். ஞாயிறு, திருநாட்களில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, காலையில் பூசை நடக்கும்.