பற்று வரவை உருப்போடாமல் கணக்கியல் படிப்பது எப்படி?

புத்தகத்தைத் திறந்ததும் எதைப் பற்று (debit, கணக்கின் இடப்பக்கப் பதிவு) வைப்பது, எதை வரவு (credit, வலப்பக்கப் பதிவு) வைப்பது என்று விதிகளை உருப்போட ஆரம்பிக்காதீர்கள், பரீட்சை ஹாலில் அதுதான் முதலில் காலை வாரும். பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே சமன்பாடு: சொத்து = பொறுப்பு (கொடுக்க வேண்டிய கடன்) + முதல் (உரிமையாளரின் பங்கு). சொத்து சமன்பாட்டின் இடப்பக்கம் இருக்கிறது, அதனால் அது கூடினால் இடப்பக்கப் பதிவான பற்று, குறைந்தால் வரவு. பொறுப்புக்கும் முதலுக்கும் அப்படியே தலைகீழ். வருமானம் முதலைக் கூட்டும், அதனால் வரவு. செலவு குறைக்கும், அதனால் பற்று.

சரி, ஒரு தாளை எடுங்கள். 1,00,000 ரொக்கம் போட்டுத் தொழில் தொடங்குகிறீர்கள்: ரொக்கம் பற்று, முதல் வரவு. 30,000-க்குக் கடனில் சரக்கு வாங்கினால் சொத்து 1,30,000, பொறுப்பு 30,000. அந்தச் சரக்கில் பாதியை, அதாவது 15,000 அடக்கமுள்ளதை, 20,000-க்குக் கடனுக்கு விற்றுவிடுகிறீர்கள். இப்போது ரொக்கம் 1,00,000, சரக்கு 15,000, வாடிக்கையாளர் தர வேண்டியது 20,000, மொத்தம் 1,35,000. எதிர்ப்பக்கம் பொறுப்பு 30,000, முதலோடு லாபம் 5,000 சேர்த்து 1,05,000. இரண்டு பக்கமும் சரி. ஆனால் லாபம் வந்த பிறகும் கையில் ஒரு காசு கூடவில்லை, கவனித்தீர்களா? லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது இங்கே புரிந்துவிட்டால் தேய்மானம் (சொத்தின் மதிப்பு குறைவது), கொடுபட வேண்டிய வாடகை போன்ற, ஆண்டு முடிவில் போடும் சரிக்கட்டுப் பதிவுகள் பெரிய பூதமாகத் தெரியாது.

பணம் கட்டினால் வங்கி அறிக்கையில் மட்டும் ஏன் வரவு என்று வருகிறது? அது வங்கியின் ஏடு. உங்கள் பணம் அவர்களுக்குக் கடன், அதாவது பொறுப்பு.

குறிப்பேடு (நடவடிக்கைகளைத் தேதி வரிசையில் எழுதுவது), பேரேடு (அவற்றைக் கணக்குவாரியாகப் பிரிப்பது), இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் பொருந்துகிறதா என்று பார்க்கும் பட்டியல்), பிறகு இறுதிக் கணக்குகள் என்ற வரிசையை ஒரு தடவையாவது கையால் எழுதிப் போடுங்கள், சாஃப்ட்வேர் அப்புறம். (ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரு பக்கமும் எழுதும் இந்த இரட்டைப்பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சில் வெளியிட்டார், கண்டுபிடித்தவர் அவரல்ல, அது வணிகர்களிடம் ஏற்கெனவே புழங்கியதுதான்.)

இருப்பாய்வு பொருந்தவில்லையா? வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் 5,400-ஐ 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்கள், எங்கேயோ பற்றுக்குப் பதில் வரவில் உட்கார்ந்திருக்கலாம். பொருந்திவிட்டாலும் உடனே நிம்மதி அடைய வேண்டாம், ஒரு பதிவையே முழுசாக விட்டிருந்தாலும் இருப்பாய்வு சமமாகவே நிற்கும்.